மழை விட்ட பிறகு வரும் வெள்ளம்



ஐப்பசி பிறந்துவிட்டால் நம் புதுச்சேரிப் பக்கத்தில் எல்லார் காதும் வானிலை அறிக்கையில்தான் இருக்கும். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றவுடனே கழனியில் நிற்கிற பயிரைப் பற்றிக் கவலை வருகிறது. கூரையைப் பற்றிக் கவலை வருகிறது. புயல் கரையைக் கடந்தது என்று சொன்னதும் "அப்பாடா" என்று மூச்சு விடுகிறோம். அந்த மூச்சை எப்போது விடலாம் என்பதைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். இதில் நானே ஒரு தவறு செய்தவன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி, சனிக்கிழமை இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஞாயிற்றுக்கிழமை நம் பக்கத்தில் மழை மெல்ல மெல்லக் குறைந்து தூறலாக நின்றது. அன்று சாயங்காலம் பெண்ணையாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் எனக்கு டெலிபோன் செய்தார். புயலுக்கு முன்பே தம்முடைய இரண்டு கறவை மாடுகளையும் ஒரு சினைக் கிடேரியையும் மேட்டுத் தெருவில் உறவினர் வீட்டில் கட்டியிருந்தார். "சார், மழை விட்டுடுச்சி. மாட்டை ஓட்டியாந்துடலாமா? அங்க தீவனம் இல்ல" என்று கேட்டார். "ஓட்டிட்டு வாங்க, இனிமே பயமில்லை" என்று நான் சொன்னேன். மறுநாள் ஆற்றுத் தண்ணீர் அவருடைய மாட்டுக் கொட்டாய்க்குள் வந்துவிட்டது. கறவை மாடுகள் இரண்டையும் எப்படியோ அவிழ்த்துவிட்டார்கள். கிடேரியின் கழுத்தில் நைலான் கயிறு. நனைந்த முடிச்சு இறுகிப்போய், இருட்டில் கையால் அவிழ்க்க முடியவில்லை; அரிவாள் எங்கே இருக்கிறதென்றும் தெரியவில்லை. கிடேரி போய்விட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பயமில்லை என்று நான் ஏன் சொன்னேன்? என் தலைக்கு மேலே இருந்த வானத்தைப் பார்த்துச் சொன்னேன். ஊத்தங்கரை வானத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கவேண்டும். அது என்னவென்று விளக்குகிறேன்.

புயல் என்றால் நாம் ஒரே சமாசாரமாக நினைக்கிறோம். உண்மையில் மூன்று வருகிறது. முதலில் காற்று, அதோடு மழை, அதற்கப்புறம் ஆற்று வெள்ளம். கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் கடல் பொங்கி ஏறுவது வேறு சேர்ந்துகொள்ளும். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஒரே அளவிலும் வருவதில்லை. காற்று பலமாக இருந்தால் மழையும் பலமாக இருக்கும் என்று ஒரு கணக்கு நம்மிடம் உண்டு. அது தப்புக் கணக்கு.

நாம் கண்ணால் பார்த்த இரண்டு புயல்களை வைத்துப் பார்க்கலாம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போயிற்று. பண்ருட்டிப் பக்கம் மூன்று தலைமுறையாக நின்ற பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. சுவர் இடிந்தும் மரம் விழுந்தும் பலர் இறந்துபோனார்கள். அது காற்றுப் புயல். ஃபெஞ்சலிலோ காற்று மணிக்கு 70, 80 கிலோமீட்டர், அதிகம் போனால் 90. தானேயைப் பார்த்தவர்கள் "இது என்ன புயல்" என்று அலட்சியமாக இருந்தார்கள். ஆனால் ஒரே நாளில் புதுச்சேரியில் பெய்த மழை சுமார் 48 சென்டிமீட்டர். நகரத்தில் கிருஷ்ணா நகர் போன்ற இடங்களில் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை ராணுவத்தினர் வந்து படகில் மீட்கும்படி ஆயிற்று.

காற்று குறைந்த புயலில் மழை ஏன் இவ்வளவு? வானொலியில் புயலைப் பற்றி இரண்டு வேகம் சொல்லுவார்கள். "காற்று மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும்" என்பது ஒன்று. அது புயலுக்குள்ளே காற்று சுழலுகிற வேகம். "புயல் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் நகருகிறது" என்பது இன்னொன்று. அது புயல் முழுவதும் இடம் விட்டு இடம் போகிற வேகம். நம்மில் அநேகர் முதல் எண்ணைக் கேட்டுக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறோம். நாற்றங்காலுக்குப் பூவாளியால் தண்ணீர் தெளிக்கிறீர்கள். நடந்துகொண்டே தெளித்தால் பாத்தி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சம் விழும். ஒரே இடத்தில் நின்றுவிட்டால் அந்த இடத்து நாற்று சாய்ந்து மண் கரைந்துவிடும் அல்லவா? ஃபெஞ்சல் அப்படித்தான் செய்தது. கரைக்கு வந்த பிறகு பல மணி நேரம் நகராமல் புதுச்சேரிப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே அறிக்கையில் "மெதுவாக நகருகிறது", "நிலைகொண்டுள்ளது" என்ற வார்த்தைகள் வந்தால், காற்று குறைச்சல் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். தண்ணீருக்குத் தயாராகுங்கள்.

மழையை சென்டிமீட்டரில் சொல்லுகிறார்களே, அது நம் நிலத்தில் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நம் ஊர்க் கணக்கில் ஒரு காணி நூறு குழி. குழி என்பது 576 சதுர அடி. அந்த ஒரு காணியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுகிற தண்ணீர் சுமார் 53,500 லிட்டர். அப்படியானால் 48 சென்டிமீட்டருக்கு 25 லட்சம் லிட்டருக்கு மேல். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரி 250 வந்து, உங்கள் ஒரு காணியில் கொட்டிவிட்டுப் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடைய வடிகால் ஒரு முழ அகலத்தில் கோரைப்புல் மண்டிக் கிடந்தால் அது எங்கே போகும்?

வானிலைத் துறையார் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்தால் கனமழை என்றும், 12 முதல் 20 வரை மிக கனமழை என்றும், அதற்கும் மேலே போனால் அதிகனமழை என்றும் சொல்லுகிறார்கள். மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனமாய் இருங்கள் என்று பொருள். ஆரஞ்சு என்றால் எல்லாவற்றையும் எடுத்துத் தயாராக வைக்கவேண்டும். சிவப்பு வந்துவிட்டால் தயார் செய்ய நேரமில்லை, கிளம்புகிறவர்கள் கிளம்பிவிடவேண்டும். துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு எண்ணையும் பலர் கேட்டுவிட்டு, "மூணாம் நம்பர்தானே, ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள். அந்தக் கூண்டு கப்பலுக்கும் படகுக்கும் ஏற்றுவது. ஒன்று முதல் பதினொன்று வரை உண்டு. ஐந்திலிருந்து அபாயம், எட்டிலிருந்து பெரிய அபாயம், பதினொன்று என்றால் வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துபோயிற்று என்று அர்த்தம். துறைமுகத்துக்கு எவ்வளவு ஆபத்து என்றுதான் அது சொல்லும். நெட்டப்பாக்கத்திலோ மண்ணாடிப்பட்டிலோ எத்தனை சென்டிமீட்டர் மழை பெய்யும் என்று அது சொல்லாது.

இனி அந்த மூன்றாவதுக்கு வருகிறேன். நம் பிரதேசம் ஒரு தாம்பாளத்தின் விளிம்பு மாதிரி கடலோரத்தில் இருக்கிறது. மேற்கே பெய்கிற மழை எல்லாம் நம்மைத் தாண்டித்தான் கடலுக்குப் போகவேண்டும். செஞ்சி மலைப் பக்கத்துத் தண்ணீர் வீடூர் அணைக்கு வந்து, அங்கே நிரம்பினால் சங்கராபரணியில் இறங்கி, மண்ணாடிப்பட்டு, வில்லியனூர் வழியாக வருகிறது. தென்பெண்ணையோ கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி மாவட்டத்தைக் கடந்து, சாத்தனூர் அணையில் தேங்கி, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்கள் வழியாக வந்து, நம் பாகூர்ப் பகுதியைத் தொட்டுக்கொண்டு கடலூர் அருகே கடலில் விழுகிறது. சோரியாங்குப்பம், குருவிநத்தம் எல்லாம் அந்த ஆற்றை நம்பி வாழ்கிற ஊர்கள். பாகூர் ஏரிக்குத் தண்ணீர் தருவதும் அதே ஆறுதான். கொடுப்பதும் அது, எடுப்பதும் அது.

ஃபெஞ்சல் கரையைக் கடந்த பின் என்ன செய்தது? வலுவிழந்தது, ஆனால் மறையவில்லை. உள்ளே போய் விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கம் கொட்டித் தீர்த்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் மட்டும் ஒரு நாளில் 50 சென்டிமீட்டர். நமக்கு இங்கே தூறல் நின்ற அதே நேரத்தில் அங்கே கொட்டிக்கொண்டிருந்தது. சாத்தனூர் அணையின் முழு உயரம் 119 அடி. பருவமழையில் ஏற்கெனவே நிறைந்திருக்கிற அணை அத்தனை தண்ணீரை எப்படிப் பிடித்து வைக்கும்? டிசம்பர் 2-ஆம் தேதி விடிவதற்கு முன்னே, விநாடிக்கு 1,68,000 கன அடி வரை திறக்கும்படி ஆயிற்று. கன அடி என்பது 28 லிட்டருக்குக் கொஞ்சம் கூட. கணக்குப் போட்டால் விநாடிக்கு 47 லட்சம் லிட்டர். உங்கள் ஒரு காணியில் ஒரு நாள் முழுக்கப் பெய்த அந்தப் பேய்மழை இருக்கிறதே, அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆற்றில் இறங்குகிறது. அன்றும் மறுநாளும் கடலூர்ப் பக்கமும் நம் பாகூர்ப் பக்கமும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். வானம் வெளுத்திருந்தது, வெயில்கூட எட்டிப் பார்த்தது. தண்ணீர் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

ஆகவே ஆற்றோரத்திலும் ஏரிக்குக் கீழேயும் இருப்பவர்கள் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளவேண்டும். நம் ஊர் மழையைக் கேட்பதோடு நிற்காமல், வீடூர், சாத்தனூர் அணைகளில் எத்தனை அடி, எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். புயல் கடந்து மூன்று நாள் வரை இதைக் கேட்கவேண்டும். ஓட்டிப்போன மாட்டையும் கட்டிவைத்த பெட்டியையும் அந்த மூன்று நாளும் இறக்கவேண்டாம். மின்சாரம் நின்று, செல்போன் கோபுரமும் செத்துவிட்டால் சேதி எப்படித் தெரியும்? பேட்டரியில் ஓடுகிற வானொலிப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கட்டும். வானொலியில் பேசுகிறவன் வானொலியை விற்கிறான் என்று நினைக்கவேண்டாம்; புயல் ராத்திரியில் அதன் அருமை தெரியும். அவசரத்துக்கு 1077 என்ற எண்ணையும் 112 என்ற எண்ணையும் செல்போனில் வைத்துக்கொள்வதோடு, வீட்டுச் சுவரிலும் எழுதிவையுங்கள்.

சரி, வீட்டில் என்ன செய்வது? முதலில் காகிதங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பாங்குப் பாஸ்புக், பட்டா, குத்தகைச் சீட்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், பயிர்க் காப்பீட்டு ரசீது. நம் பக்கத்தில் சில வீடுகளில் பிரெஞ்சுக்காரர் காலத்து நொத்தேர் பத்திரங்கள்கூட டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கின்றன. அந்த மை தண்ணீர் பட்டால் கரைந்துபோகும். அப்புறம் நிலத் தகராறுக்கு எதைக் காட்டுவீர்கள்? எல்லாவற்றையும் கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயைத் திருகி மடக்கி ரப்பர் போட்டு, அதை இன்னொரு பையில் தலைகீழாகச் செருகி வையுங்கள். டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் புகும், இதற்குள் புகாது. இந்தப் பை எங்கே இருக்கிறதென்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கவேண்டும். ஆம்பிளைக்கு மட்டும் தெரிந்து, அவர் மோட்டார் கொட்டகைக்குப் போயிருந்தால் என்ன பிரயோஜனம்? மருந்து சாப்பிடுகிறவர்கள் இருந்தால் பத்து நாள் மருந்தும் அதே பையோடு இருக்கட்டும்.

கூரை வீடாக இருந்தால் கீற்றின் மேல் கயிற்றை குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, இரண்டு முனையையும் தரையில் அடித்த முளையில் கட்டுங்கள். தகரக் கூரையின் மேல் தளர்வாகக் கல்லை வைப்பது கூடாது. காற்றில் அந்தக் கல்லே ஆளைக் கொல்லும். மணல் மூட்டையை வைத்துக் கட்டுங்கள். மண் சுவர் நாலு நாள் மழையில் ஊறினால் நல்ல சுவராகத் தெரிந்தாலும் அடியில் குழைந்துவிட்டிருக்கும். அந்தச் சுவர் ஓரமாக யாரும் படுக்கவேண்டாம். வயதானவர்களையும் குழந்தைகளையும் எச்சரிக்கை வந்த பகலிலேயே பள்ளிக்கூடத்துக்கோ மாடி வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள். இருட்டில் பாட்டியைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போவது லேசான காரியமில்லை.

புயலின் நடுவே ஒரு சமயம் காற்று திடீரென்று நின்று அமைதியாகிவிடலாம். அது புயலின் கண் நம் மேலே வந்திருப்பது. புயல் ஓய்ந்தது என்று நினைத்து, பறந்த தகரத்தைப் பொறுக்க வெளியே ஓடுவார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று அறையும். நம் கரையில் முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று, கண் கடந்ததும் தெற்கிலிருந்து அடிக்கும். எனவே கூரைக்கும் வாழைக்கும் ஒரு பக்கம் மட்டும் முட்டுக் கொடுத்தால் போதாது.

மாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். நம் வீடுகளில் பாதி பேருக்கு அன்றாடக் கைக்காசு மாட்டிலிருந்துதான் வருகிறது. மாடு நீந்தும். கயிறு இல்லாத மாடு பெரும்பாலும் தானே மேட்டைத் தேடிப் போய்விடும். அதைக் கொல்வது பல சமயம் வெள்ளமில்லை, நாம் கட்டிய கயிறு. எச்சரிக்கை வந்ததும் மேட்டு நிலத்துக்கு ஓட்டிவிடுங்கள். போக வழியில்லையானால், தண்ணீர் ஏறும் என்று தெரிந்ததுமே அவிழ்த்துவிடுங்கள். இரவில் கட்டியே ஆகவேண்டுமென்றால் நைலான் கயிறு வேண்டாம். தேங்காய் நார்க் கயிறோ பருத்திக் கயிறோ போட்டு, நுனியை இழுத்தால் உருவிக்கொள்ளும் சுருக்காகப் போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாலும் அவிழவேண்டும். அதை உங்கள் வீட்டம்மாவும் பிள்ளைகளும் ஒருமுறை அவிழ்த்துப் பழகட்டும். கொட்டாய்க் கம்பத்தில் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு அரிவாளைச் செருகிவைத்து, அதை வேறு எந்த வேலைக்கும் எடுக்கக்கூடாது என்று கண்டிப்பாக இருங்கள்.

மாட்டுக் காதில் மஞ்சள் தோடு போட்டிருக்கிறார்கள் அல்லவா? அதில் 12 இலக்க எண் இருக்கும். அதைக் குறித்து அந்தப் பையில் வையுங்கள். மாட்டோடு நீங்கள் நிற்கிற மாதிரி ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். மாடு போய்விட்டால் நிவாரணம் கேட்க அதுதான் சாட்சி. தொண்டை அடைப்பான், சப்பை நோய்த் தடுப்பூசிகளை மழைக்காலத்துக்கு முன்பே போட்டுவிடவேண்டும். வெள்ளம் வந்த பிறகு ஓடி வந்து பயனில்லை. வைக்கோல் போரைத் தரையில் போடாமல், கல்லடுக்கி மேடை கட்டி அதன்மேல் போடுங்கள். ஐந்து நாளைக்கு வேண்டிய வைக்கோலை மட்டும் தனியாகக் கட்டுக் கட்டி, மாட்டை ஓட்டிப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். அந்தப் பெரியவர் மாட்டைத் திருப்பி ஓட்டிவரக் கேட்டது தீவனம் இல்லாததால்தானே? ஐந்து கட்டு வைக்கோல் அங்கே இருந்திருந்தால் அவர் என்னைக் கேட்டிருக்கவே மாட்டார். கறவை மாட்டுக்கு நாளைக்கு 40 லிட்டருக்குக் குறையாமல் நல்ல தண்ணீர் வேண்டும்; வெள்ளத் தண்ணீரைக் காட்டாதீர்கள். பூசணம் பிடித்த வைக்கோலையும் போடாதீர்கள்.

விதை நெல்லைச் சாக்கில் வைக்கவேண்டாம். மூடியும் வளையமும் போட்டு இறுக்குகிற பிளாஸ்டிக் டிரம் இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. அதில் போட்டு, டிரம்மை ஒரு கம்பத்தோடு கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் மிதந்து அடுத்த ஊருக்குப் போய்விடும். மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டரையும் பியூஸ் கட்டையையும் முந்தைய வெள்ளம் ஏறிய அளவுக்கு மேலே மாட்டுங்கள். புயல் வரும் முன்பே பியூஸைப் பிடுங்கிவிடுங்கள்.

கழனியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். வடிகாலை ஐப்பசிக்கு முன்னால் வெட்டிவிடுவது நல்லது. இதைத் தனி ஆளாகச் செய்து பலனில்லை. கீழ்க் கழனிக்காரர் அடைத்து வைத்திருந்தால் மேல் கழனியும் முழுகும், சண்டையும் வரும். நம் பிரதேசத்தில் 84 ஏரிகள் இருக்கின்றன. ஏரியின் கலங்கலும் வரத்துக் கால்வாயும் சுத்தமாக இருக்கின்றனவா என்று ஊரோடு சேர்ந்து ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். தாழ்ந்த கழனிக்கு சி.ஆர். 1009 சப் 1 ரக நெல் ஏற்றது. முழுக்க முழுகினாலும் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும் குணம் அதற்கு உண்டு. தண்ணீர் வடிந்தவுடன் அவசரப்பட்டு வெறும் யூரியாவைத் தூக்கி வீசாதீர்கள். பயிர் சற்றுத் தெளிந்த பிறகு, ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போடுங்கள். கரும்பில் சோகை உரித்து விட்டம் கட்டவேண்டும். தென்னையில் முற்றிய காயையும் காய்ந்த மட்டையையும் இறக்கிவிட்டால் தலைப் பாரம் குறையும். வாழைக்கு சவுக்குக் கழி.

தண்ணீர் வடிந்து வீட்டுக்குத் திரும்பும்போதுதான் நிறைய விபத்து நடக்கிறது. அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வைக்கோலிலும் மூலை முடுக்கிலும் பாம்பு ஏறியிருக்கும். கையை விடுமுன் கழியால் தட்டுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. காலில் வெட்டுக்காயத்தோடு சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். வெள்ளத்துக்குப் பிறகு ஒரு வாரம், பத்து நாளில் கடுமையான காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால், சேற்றில் இறங்கியதை டாக்டரிடம் சொல்லுங்கள். குடிதண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்துக் குடிக்கவேண்டும். தொட்டித் தண்ணீராக இருந்தால் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து உபயோகியுங்கள். முழுகிய மோட்டாரை உடனே போட்டுப் பார்க்க எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். காயவைத்து மெக்கானிக்கிடம் காட்டாமல் போட்டால் காயில் எரிந்துவிடும்.

அடுத்தது பணம். பயிர்க் காப்பீட்டில் ஒரு விஷயத்தைப் பலர் கோட்டை விடுகிறார்கள். அறுத்து வயலில் பரப்பிக் காயப்போட்ட கதிர் புயல் மழையில் கெட்டுப்போனால், அறுத்த 14 நாள் வரை அதற்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். மூன்று நாள் என்பது வெள்ளத்தில் எப்படிப் போகிறதென்றே தெரியாது. எனவே கூரையைச் சரிபண்ணுமுன் கழனிக்குப் போய் நாலு போட்டோ எடுத்து, தெரிவித்துவிட்டு வந்து கூரையைப் பாருங்கள். ஃபெஞ்சலுக்குப் பிறகு சேதமான பயிருக்கு ஹெக்டேருக்கு 30,000 ரூபாய் என்று புதுச்சேரி அரசு அறிவித்தது. அப்படி வரும் நிவாரணமும் கணக்கெடுக்க வருகிறவர் கையில் நீங்கள் கொடுக்கிற காகிதத்தைப் பொறுத்துத்தான். குத்தகைக்குப் பயிர் வைத்திருப்பவர்கள் சீட்டு எழுதி வாங்கியிருந்தால் இந்தச் சமயத்தில் உதவும். கூச்சப்பட்டுக்கொண்டு வாய்ப்பேச்சில் விட்டுவிடுகிறார்கள்.

கார்த்திகை தாண்டிவிட்டால் புயல் பருவம் முடிந்தது என்று ஒரு பேச்சு உண்டு. தானே வந்தது நல்ல மார்கழியில், டிசம்பர் 30. அதற்கு 250 வருஷம் முன்னே, 1761 ஜனவரி முதல் தேதி, புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலேயரின் கப்பல்கள் பல ஒரு பெரும் புயலில் சிக்கி மூழ்கின. அதனால் பொங்கல் வரைக்கும் பை கட்டியபடியே இருக்கட்டும். அரிவாள் கம்பத்திலேயே இருக்கட்டும்.

இந்த ஐப்பசியில் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கொட்டாய்ச் சுவரில், 2024-ல் தண்ணீர் நின்ற இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். என் இடுப்புக்கு மேலே வருகிறது. மூன்று மாடும் தேங்காய் நார்க் கயிற்றில். மேட்டுத் தெருவுக்கு ஐந்து கட்டு வைக்கோல் போயாயிற்று. நான் திண்ணையில் உட்கார்ந்து, வந்த விஷயத்தை ஆரம்பிக்குமுன் அவரே கேட்டார்: "சார், சாத்தனூர்ல இன்னிக்கு எத்தனை அடி?"